நக்லேயை விட்டு வந்த ஊர்

என் கண்ணு மில்ஹெமுக்கு, லெபனான் மலையிலேர்ந்து உன் அம்மா ஸஹிய்யா, பாதிரியார் கையால எழுதறது. நீ சௌக்கியமான்னு கேக்கக்கூட சண்டை முடியற வரைக்கும் வழி இல்லாமப் போச்சு. பிரேசில்ல உன்னை ஆண்டவர் ஒரு குறையும் இல்லாம வெச்சிருக்கணும். இங்க நான் இருக்கேன், உன் தங்கச்சி வர்தா இருக்கா. நலம்னு எழுத அவ்வளவுதான்.

உங்கப்பா இல்லை. முதல்லயே சொல்லிடறேன், அவர் பேரு வருமான்னு கடைசி வரைக்கும் தேடிக்கிட்டே படிக்காதே. நீ கப்பலேறின மறுவருஷம் வெட்டுக்கிளி வந்தது, மல்பெரித் தோட்டத்துல இலை மட்டுமில்லை, பட்டையைக்கூட விடலை. மிச்சமிருந்த தானியத்தைப் பட்டாளத்துக்காரங்க அள்ளிட்டாங்க, கடல் வழியையும் அடைச்சாச்சு. தோட்டத்தை உன் சித்தப்பா ஷாஹீனுக்கே எழுதிக் குடுத்து ஒரு மூட்டை பார்லி வாங்கினோம். பிரிச்சா பாதி மண்ணு. உங்கப்பா போய்க் கேட்டதுக்கு, திங்கத் தெரிஞ்சவனுக்குப் புடைக்கத் தெரியாதான்னு சொல்லிச் சிரிச்சானாம், கூடப்பிறந்தவன். வீட்டுக்கு வந்து சுவரோரமா உக்காந்தார். தன் பங்கை நம்ம கடைக்குட்டி நக்லே பக்கம் தள்ளிட்டே இருந்தார். அப்புறம் எழுந்திருக்கலை. குழி வெட்டத் தெம்புள்ள ஆம்பளை தெருவுல ஒருத்தன்கூட இல்லை, நானும் வர்தாவும்தான் வெட்டினோம்.

அதுக்கப்புறம் ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு மலை தாண்டி ஹவ்ரானுக்கு நடந்தேன், அங்க கோதுமை விளையுதுன்னு சொன்னாங்க. வழியெல்லாம் கிடந்தவங்களைப் பாக்காதேன்னு வர்தா தம்பி கண்ணைப் பொத்திக்கிட்டே வந்தா. அங்க ஃபித்தான்னு ஒருத்தி, பிள்ளை இல்லாதவ, எங்களை உக்காரவெச்சு சோறு போட்டா. போட்டுட்டு, பையனை விட்டுட்டுப் போ, கோதுமை எடுத்துட்டுப் போன்னா. வர்தா குறுக்க விழுந்து, என்னை வெச்சுக்கோங்க, நான் மாடு மேய்ப்பேன், தண்ணி எடுப்பேன்னு கெஞ்சினா. எனக்கு வேலைக்காரி வேணாம்டி, மகன் வேணும்னுட்டா அவ. நக்லே வாய் நிறைய ரொட்டி வெச்சுக்கிட்டு, திராட்சைப் பாகு வழிய வழிய மென்னுக்கிட்டிருந்தான். அவன் நிமிர்ந்து பாக்கறதுக்குள்ள எழுந்து வந்துட்டேன். அந்தக் கோதுமையாலதான் நாங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்கோம். வீடு வர வரைக்கும் வர்தா என்கூடப் பேசலை.

சண்டை முடிஞ்சதும் அவளைப் பாதிரியார் வீட்டுல விட்டுட்டு நான் மட்டும் ஹவ்ரானுக்குப் போனேன், நக்லேயைக் கூட்டிட்டு வந்துடணும்னுதான் போனேன். வாசல்ல அவனே நின்னான். வளந்துட்டான்டா, கன்னம் ரெண்டும் உப்பியிருக்கு. என்னைப் பாத்துட்டு உள்ள ஓடினான், அம்மா, பிச்சைக்காரி ஒருத்தி வந்திருக்கான்னு கத்தினான். ஃபித்தா வந்து கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நான் யாருன்னு சொன்னா முடிஞ்சுது. ஆனா கூட்டிட்டு வந்து எங்க படுக்கவைப்பேன், கூரை உத்தரத்தை வித்துத் தின்ன வீடு. அவன் ஒரு முழு ரொட்டியைக் கொண்டுவந்து என் கையில வெச்சான். தின்னேன். இன்னும் வேணுமா பாட்டின்னு கேட்டான். எனக்கு இன்னும் நாப்பது ஆகலை மில்ஹெம். வேணாம் சாமின்னுட்டுத் திரும்பிட்டேன். உயிரோட இருக்கானே, அது போதும்னு பாதிரியார் சொல்றார். எனக்குப் போதலை.

வர்தாவுக்குச் சீக்கிரம் கப்பலுக்கு வழி பண்ணு. நான் வரலை, நான் ஹவ்ரானுக்கு இந்தப் பக்கம் எங்கேயாவது இருந்துக்கறேன். அவளைக் கண்கலங்காம வெச்சுக்கோ, நேரத்துக்குச் சாப்பிடு, குளிர்ல மார்பை மூடிக்கோ. கன்னி மரியாள் உன் வாசலைக் காக்கட்டும், உன் கை பட்டதெல்லாம் பெருகட்டும்.

ஒண்ணு மட்டும் மறந்துடாதே. நக்லே பேச்சை அவகிட்ட எடுக்காதே. நான் திரும்பி வந்ததும், காய்ச்சல்ல போயிட்டான்னு சொல்லி வெச்சிருக்கேன். உயிரோட இருக்கான்னு தெரிஞ்சா, அவ கப்பல் ஏற மாட்டா, நடந்தே போயிடுவா.

உன்னைப் பெத்தவ,
ஸஹிய்யா