ஆணி என் கையில் இருந்தது

அன்புள்ள அம்மா,

நம் ஊரைப் பற்றிப் பேசினால் குன்வோர் அக்கா காபி கலக்குவதை நிறுத்திவிடுவார். முதலில் அதைத்தான் கவனித்தேன். நீங்களும் அப்பாவும் சுகமா? நான் சுகம்தான். ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறையும் நீங்கள் சுடும் பார்லி ரொட்டியும் அனுப்புங்கள். உப்சாலாவில் அந்த ரொட்டியைப் பற்றிப் பேசக்கூட ஆளில்லை.

அக்கா வரலாற்றில் முனைவர் பட்டத்துக்கு எழுதுவது நம் ஊர் எல்லையாற்றுக் கடத்தலைப் பற்றியாம். தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்னைப் போல ஒரு வடக்கத்திப் பெண்ணையே ஏன் தேடினார் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். போர்க்காலத்தில் அப்பா படகில் வெண்ணெய் கடத்தியதை ஒருநாள் அக்காவிடம் உளறிவிட்டேன். இன்று தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர் அவர். ஊருக்குத் தெரிந்தால் எப்படித் தலைகாட்டுவார்?

இன்று காலை, ஆய்வேட்டைப் பல்கலைக்கழகச் சுவரில் எல்லோரும் பார்க்க ஆணியடித்து மாட்டும் சடங்கு. ஆணியை என்னிடம் கொடுத்திருந்தார்.

“ஆணியக் குடு லெம்பி. நின்னுக்கிட்டே தூங்குறியா?”

“அப்பா பேரு அதுல இருக்காக்கா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“இவளுக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம். பேரெல்லாம் போடலடி. ‘ஒற்றைக்கண் படகுக்காரர்’னு மட்டுந்தான் இருக்கு.”

நம் ஊரில் ஒற்றைக்கண்ணர் வேறு யார் அம்மா? அக்கா சுத்தியலோடு கையை நீட்டினார். நான் ஆணியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே நடந்துவிட்டேன்.

லெம்பி