மகன் போடாத கையெழுத்து

ஹர்யந்தோ,

ஆஸ்பத்திரியில் இருக்கும் அத்தைக்கு மாற்றிக் கட்ட சாரோங் எடுக்கத்தான் வந்தேன். சோறும் பொரித்த சோயா தெம்பேயும் மூடியிருக்கிறது. வீணாகக் கூடாதே என்றுதான் வைத்தேன்.

சர்க்கரை நோய் உள்ள உங்கள் அம்மாவுக்கு நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்றேன். "இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா? பூனைமீசை இலையைக் காய்ச்சிக் குடுடி" என்று சிரித்தீர்கள். ஐந்து நாளில் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறி, உள்ளே காற்று கட்டிவிட்டது. இன்று ஸ்கேனில் தெரிந்தது.

"அபூர்வமாத்தான் வரும்மா. வந்தா ஆளையே கொண்டுபோயிடும், உடனே எடுத்தாகணும்" என்றார் டாக்டர். உங்களை ஆறு முறை போனில் அழைத்தேன். சேவல் சண்டை முடியவில்லை போலும். ஒரு சிறுநீரகத்தை எடுக்க அத்தையை உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள்.

சுலஸ்த்ரி

கையெழுத்து நான்தான் போட்டேன், 'மகள்' என்று. மகன் உண்டா என்று நர்ஸ் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.