நடுவில் ஒட்டவைத்த செம்புக் கம்பி

செவ்வாய்க்கிழமை, தசரா முடிந்த மறுவாரம்.

ஒலிபரப்பு நிலையத்துக்கு ரேடியோக் கம்பி கட்ட மைசூரில் என்னைப்போல் ஆள் கிடையாது, மகாராஜாவே ஒப்புக்கொள்வார். என் வீட்டில் தங்கிப் பாட்டு கற்கும் அக்கா மகள் கமலாவின் முதல் ரேடியோப் பாட்டு குண்டலுபேட்டைவரை கணீரென்று கேட்கட்டும் என்றுதான், ஏரியலுக்குப் போகும் மெல்லிய கம்பியின் நடுவில் பருத்த செம்புக் கம்பியை ஒட்டவைத்தேன்.

"கனம் மாறற இடத்துல அலை திரும்பி வந்துடும், ஸ்வாமி. பாதி சக்தி ஏரியலுக்கே போகல," என்றான் பாட்டு ஒலிபரப்பாகி முடிந்ததும், நிலையத்தில் போன மாதம் சேர்ந்த இன்ஜினியர்.

இன்று குண்டலுபேட்டையிலிருந்து அத்திம்பேர் வந்தார். "ஏன்டா, வெறும் இரைச்சல்தான் கேட்டுது. என் பொண்ணு பாடினாளா, இல்லையா?"

"அவ குரல் சன்னம், அத்திம்பேர்," என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ பாட்டு போதும்."

கதவருகே நின்ற கமலா தம்பூராவுக்கு உறை போட்டாள்.

காலையில் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு ஆறு மணிக்கு பஸ். நான் எழுந்திருக்க எப்போதும் ஏழாகும்.