மேடையில் சொன்னது

மார்ச் 4
வழக்கு இன்றும் தள்ளிப்போயிற்று. நீதிபதிக்குப் பல்வலி. காலையிலிருந்து வராந்தா பெஞ்சில் காத்துக் கிடந்த அண்ணி, "பாவம், பல்வலி வந்தா உசிரே போயிடும் தம்பி" என்று அவருக்காக இரக்கப்பட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

போரில் நானும் அண்ணியின் கணவர் நெட்டை அண்ணனும் ஒரே பதுங்குகுழி. தொலைபேசிக் கம்பி அறுந்தபோது அதைச் சேர்க்கத் தவழ்ந்து போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. 'ஓடிப்போனவன்' என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். அந்தச் சொல்லை அடிக்க வேண்டும், அண்ணி கேட்பது அவ்வளவுதான். அவர் போனதைக் கண்ணால் பார்த்தவர்களில் மிச்சம் நான் ஒருவன். சாட்சி சொல்கிறவனே வக்கீலாக நிற்க முடியாது. வழக்கை ஜூனியரிடம் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 11
கட்சி சீட்டு கொடுத்துவிட்டது. முதல் கூட்டம். நிலச் சட்டத்தைப் பற்றிப் பேசினேன், முன்வரிசை கொட்டாவி விட்டது. கட்சிச் செயலாளர் சட்டையை இழுத்துக் காதில் சொன்னார்: "சட்டம் பேசினா சனம் எழுந்து போயிடும். சண்டையில நடந்ததச் சொல்லுங்க."

நெட்டை அண்ணனைப் பற்றிச் சொன்னேன். கம்பி சேர்க்கப் போன கதைக்கு ஒருவரும் அசையவில்லை. வாய் சும்மா இருக்குமா? 'போதும்டா தம்பி, எம் பொண்ணு முகத்தைப் பார்க்கணும், நான் வீட்டுக்குப் போறேன்' என்று அவர் எழுந்து நடந்ததாகவும், அப்போதுதான் முதுகில் குண்டு பாய்ந்ததாகவும் ஒரு போடு போட்டேன். பெண்கள் அழுதார்கள். கைதட்டல் ஓயவே இல்லை.

போர் வேண்டாம் என்று சொல்லத்தானே சொன்னேன்? அவர் போருக்கு வந்த பிறகு பிறந்த பெண். அவள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, அது நிஜம்தானே?

மார்ச் 12
மூன்று இடத்தில் சொன்னேன். மூன்றிலும் அழுதார்கள்.

மார்ச் 20
சாட்சிக் கூண்டு. எத்தனை பேரை அதில் ஏற்றிக் குடைந்திருக்கிறேன். இன்று கை வைக்க இடம் தெரியவில்லை.

கம்பி அறுந்தது, அவர் தவழ்ந்து போனது, எல்லாம் நடந்தபடியே சொன்னேன். அரசு வக்கீல் மரியாதையாக எழுந்தார். யாரோ கைப்பேசியில் பிடித்த என் கூட்டத்தை ஓடவிட்டார். என் குரல்தான். கைதட்டல்கூடத் தெளிவாகக் கேட்டது.

"வீட்டுக்குப் போறேன்னு எழுந்து நடந்தாருன்னு சொல்றீங்களே. மேடையில சொன்னது பொய்யா, இங்க சொல்றது பொய்யா?"

மேடையில் சொன்னது பொய் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். பின்வரிசையில் கட்சிச் செயலாளர். பக்கத்தில் பத்திரிகைக்காரர்கள்.

"மேடைப் பேச்சுல கொஞ்சம் கூட்டிச் சொல்றது உண்டு" என்றேன்.

"அப்போ சாட்சிக்குக் கூட்டிச் சொல்ற பழக்கம் உண்டுன்னு எழுதிக்கலாமா?"

நீதிபதி எழுதிக்கொண்டார். அரசு வக்கீல் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

மார்ச் 21
சாப்பாடு இறங்கவில்லை. மனைவி தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "எதிராளிக்கு வக்கீல் வச்சதே வீண். நீங்களே போதும்."
வழக்கமாகச் சிரித்திருப்பேன்.

ஏப்ரல் 2
தள்ளுபடி. நம்பத்தகுந்த சாட்சி இல்லை.

நம்பத்தகுந்த சாட்சி இல்லையாம். நான்தான் அது. பாவி, யார் கேட்டா உன்கிட்ட அந்தக் கைதட்டல?

"மேல போகலாம்ல தம்பி?" என்றார் அண்ணி. மேலே போனாலும் இதே வாக்குமூலத்தைத்தான் புரட்டுவார்கள். போகலாம் அண்ணி என்றேன். அவர் நம்பினார். தாங்க முடியாதது அதுதான்.

ஏப்ரல் 9
கடைசிக் கூட்டம். அந்தக் கதையை இனி எடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு ஏறினேன். கூட்டம் அதையே சொல்லச் சொல்லிக் கேட்டது. செயலாளர் பார்த்தார்.
சொன்னேன்.

ஏப்ரல் 17
ஜெயித்துவிட்டேன். நினைத்ததைவிடப் பெரிய வித்தியாசம். வீடு கொள்ளாத கூட்டம், ஆளுக்கொரு மாலை, சோபாவில் என் மனைவிக்கே இடமில்லை.

மதியத்துக்கு மேல் அண்ணி மகளோடு வந்தார். ஜெயித்தவனை வந்து பார்க்காமல் இருக்கக் கூடாது என்று வந்திருப்பார். உள்ளறையில் உட்காரவைத்தேன். அந்தப் பெண் அச்சு அசல் நெட்டை அண்ணன், வாசல்படியில் தலை குனிந்துதான் வந்தாள். வழக்கைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் கேட்டது வேறு.

"சித்தப்பா, உங்க பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எம் முகத்தைப் பார்க்கணும்னு அப்பா நிஜமாவே சொன்னாரா?"

அண்ணி அசையாமல் உட்கார்ந்திருந்தார். கம்பியைப் பற்றி நான் கூண்டில் சொன்னதைப் பெஞ்சில் இருந்து கேட்டவர். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இந்தப் பெண் என் முன்னால் இப்படி முகம் மலர்ந்ததே இல்லை.

"ஆமாம்மா, சொன்னார்" என்றேன்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அண்ணி எழுந்து அவள் தோளைத் தொட்டார். "வா, போகலாம். ஐயாவுக்கு நிறைய வேலை இருக்கும்."