அண்ணன் கொடுத்த மூன்று கொசுறு

கூப்பிட்டால் இனி திரும்பிப் பார்க்காத என் அண்ணாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நிற்கவில்லை. அதைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன். எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்து கதை சொல்கிறேன். எதிரே உங்கள் சுதா, என் அண்ணி. பக்கத்தில் ஸ்டீபன் சார், டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு நேராக வந்துவிடுகிறார். மேசையில் மிச்சம் இவ்வளவுதான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இறங்கி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லி ஆடுகிற ஆட்டம் இது. செய்ய நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். எங்கள் கதை, வெள்ளத்தில் மூழ்கிப்போன ஒரு நகரத்தில் நடந்தது. பரிசலில் போய் ஆட்களைக் காப்பாற்றுவதுதான் வேலை.

அதில் நீங்கள் சேர்த்த விதி, கொசுறு. ஒருவர் தன் உயிரைப் பணயம் வைத்து இன்னொருவருக்காக ஒன்றைச் செய்தாலோ, மேசையே வயிற்றைப் பிடித்துச் சிரிக்கும்படி ஒன்றைச் சொன்னாலோ, நீங்கள் வேலை பார்த்த சிங்காநல்லூர் பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஸ்டீல் வாஷர் ஒன்றை அவர் பக்கம் தள்ளுவீர்கள். ஒரு வாஷர் போட்டால் பகடையில் மூன்று கூடும். தனக்கும் போடலாம், அடுத்தவருக்கும் போடலாம். பகடை விழுந்த பிறகுகூடப் போடலாம். ஆனால் என்ன நடந்தது என்று நீங்கள் சொல்ல வாயெடுத்துவிட்டால் செல்லாது.

ஸ்டீபன் சார் எப்போதும் சேர்த்துத்தான் வைப்பார். கடைசி வரை வைத்திருந்தால்தான் லாபம் என்று கணக்குப் போட்டுக் காட்டுவார். நீங்கள் சிரிப்பீர்கள். "வெச்சிருந்து என்னங்க சார் பண்ணப்போறீங்க? ஆட்டம் முடிஞ்சா இது வெறும் இரும்புங்க." சொன்னபடியே சாயங்காலம் எல்லாவற்றையும் டப்பாவில் திரும்பப் போட்டுவிடுவீர்கள்.

கடைசி ஞாயிறு மட்டும் அப்படிச் செய்யவில்லை. பாதியில் நிறுத்தி, அடுத்த வாரம் இங்கிருந்தே தொடங்கலாம் என்றீர்கள். அண்ணியிடம் மூன்று வாஷர் இருந்தது. அந்த வாரத்திலேயே பட்டறையில், லேத்துக்குப் பக்கத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரி வரைக்கும்கூட நீங்கள் இருக்கவில்லை.

அதன் பிறகு அண்ணி பேசவில்லை அண்ணா. கேட்டதற்குத் தலையாட்டுவார், அதுவும் பாதி நாள் கிடையாது. தட்டில் வைத்தது அப்படியே காயும். டாக்டர் மாத்திரை கொடுத்தார், ஆட்களோடு இருக்க விடுங்கள் என்றார். எந்த ஆட்களோடு? துக்கம் விசாரிக்க வந்தவர்களைக் கண்டாலே அறைக்குள் போய்விடுகிறவரை யாரோடு இருக்க விடுவது? வேறு வழி தெரியாமல்தான் ஸ்டீபன் சாரைக் கூப்பிட்டு மறுபடி மேசையைப் போட்டேன்.

அண்ணி வந்து உட்கார்ந்தார். எனக்கு அதுவே பெரிதாக இருந்தது. வாயைத் திறந்தால் ஒரு கொசுறு கொடுத்தேன். பகடையைக் கையில் எடுத்தால் ஒன்று. நடுவில் அரை தோசை சாப்பிட்டதற்குக்கூட ஒன்று கொடுத்தேன். ஸ்டீபன் சார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "ஏனுங்க வனிதா, எல்லாத்துக்கும் குடுத்தா அதுக்கு மதிப்பே இல்லாமப் போயிருமுங்க." எனக்குக் கோபம்தான் வந்தது. மதிப்பு யாருக்கு வேண்டும்? எனக்கு அண்ணி பிழைத்தால் போதும்.

அடுத்த வாரம் அண்ணி நான் கொடுத்த வாஷர்களை எல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டார். "பாவம்னு குடுக்காத கண்ணு. அவரு அப்படிக் குடுக்க மாட்டாரு." பல வாரங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் முழுப் பேச்சு அது. சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. நீங்கள் கொடுத்த மூன்றை மட்டும் அவர் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

அன்றைக்கே அது நடந்தது. கதையில் ஸ்டீபன் சாரின் ஆள் மதகுக்குள் சிக்கிக்கொண்டான். வெளியே வரப் பதினைந்து வேண்டும். விழுந்தது ஏழு. எப்போதும் சேர்த்து வைக்கிற அவரிடம் அன்றைக்கென்று கொசுறு எதுவும் இல்லை. அண்ணியின் மூன்றையும் போட்டால் பதினாறு. நாங்கள் இருவரும் அண்ணியின் கையைப் பார்த்தோம். கை மூடியபடியே இருந்தது. எவ்வளவு நேரம் காத்திருக்க முடியுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தேன். பிறகு, நம் மேசையில் அத்தனை காலம் இருந்த அந்த ஆள் மூழ்கிப்போனான் என்று சொன்னேன். ஸ்டீபன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாளில் பெருந்துறையிலிருந்து அண்ணியின் அப்பா கார் எடுத்துக்கொண்டு வந்தார். "நான் கூட்டிட்டுப் போறேன் அம்மணி. இந்த ஊட்லயே இருந்தா இவ தேற மாட்டா." பையை நான்தான் காரில் வைத்தேன். கார் திரும்பியதும் உங்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்களையும் காப்பாற்றவில்லை, நீங்கள் விட்டுப்போனவரையும் காப்பாற்றவில்லை.

போன் வந்தது அண்ணா. அண்ணிதான். "வனி, அந்தாளு முங்கிப் போனது கண்ணுக்குள்ளயே நிக்குது. நான் போட்டிருக்கணும். இப்பப் போட்டா செல்லுமா?"

செல்லும் என்று சொல்வதற்கு எனக்கு எத்தனை ஆசை தெரியுமா? ஒரு வார்த்தைதானே. கதை என் கையில்தானே இருக்கிறது. ஆனால் சொன்னால் அதுவும் பாவம் பார்த்துக் கொடுத்ததாகத்தானே ஆகும்? நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? யோசிக்க நேரமில்லை.

"செல்லாதுங்க அண்ணி," என்றேன்.

அண்ணி போனை வைத்துவிட்டார். கடைசியாக நீட்டிய கையையும் தட்டிவிட்டேன் என்றே நினைத்தேன். மறுநாள் அண்ணியின் அப்பா கூப்பிட்டார். "அவகிட்ட என்ன அம்மணி சொன்னே? காத்தால இருந்து கோயமுத்தூர் பஸ் எப்பனு கேட்டுட்டே இருக்கறா."

ஞாயிறு மதியம் தனியாக பஸ் ஏறி வந்து இறங்கினார். இளைத்திருந்தார். ஸ்டீபன் சார் புதிதாக ஓர் ஆளை உருவாக்கி வைத்திருந்தார். அவன் கவிழ்கிற பரிசலிலிருந்து அண்ணியின் பரிசலுக்குத் தாவ வேண்டும், பதினான்கு வேண்டும். அண்ணி மூன்று வாஷரையும் மேசையில் வைத்தார்.

"முதல்ல நான் உருட்டிக்கறனுங்க. என்ன விழுதுன்னு பாத்துட்டு அப்பறம் போடுங்க," என்றார் ஸ்டீபன் சார்.

"வேண்டாங்க. இப்பவே போட்டர்றேன்."

பகடை உருண்டது. விழுந்தது மூன்று. மூன்று வாஷரையும் சேர்த்தால் பன்னிரண்டு. நீங்கள் கொடுத்தது அத்தனையும் போட்டும் போதவில்லை அண்ணா. ஸ்டீபன் சார் என்னைப் பார்த்தார். நான் பகடையையே பார்த்தேன். "கை நழுவிருச்சுங்க. தண்ணி இழுத்துட்டுப் போகுது," என்று எப்படியோ சொல்லி முடித்தேன். மூன்றையும் எடுத்து டப்பாவில் போட்டேன். உள்ளே மற்றவற்றோடு அவை கலந்துவிட்டன. எது உங்கள் கையால் வந்தது என்று இனி எனக்கும் தெரியாது.

அண்ணி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன்.

"எந்தப் பக்கமா இழுத்துட்டுப் போகுது?" என்றார். "கிழக்காலயா? நான் குதிக்கறேன். பகடையைக் குடு."

கூட்டிக்கொள்ள எதுவும் இல்லாமல் குதித்தார். நான் கேட்டது பன்னிரண்டு. விழுந்ததும் சரியாகப் பன்னிரண்டு. "மயிரப் புடிச்சு இழுத்துட்டு வாரேன்," என்று அண்ணி சொன்னதும் ஸ்டீபன் சார் சத்தமாகச் சிரித்துவிட்டார். ஒரு வாஷரை எடுத்து அண்ணி பக்கம் தள்ளினேன். பாவம் பார்த்து இல்லை. அண்ணி அதை எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் மறுபடி பெருந்துறை பஸ் ஏறினார். தேறிவிட்டார் என்று எழுத ஆசைதான், ஆனால் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் ஏறும்போது முகம் பழையபடி கல்லாகிவிட்டது. மாத்திரை தொடர்கிறது. அடுத்த ஞாயிறு வருவாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் பெருந்துறை நம்பரா என்று பார்க்க ஓடுகிறேன். உங்களை இழந்தது பத்தாதா அண்ணா? இன்னும் ஒருவரையும் நான் இழக்க வேண்டுமா?

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். அண்ணி வந்தாலும் வராவிட்டாலும் ஞாயிறு மதியம் இந்தக் கதவு திறந்திருக்கும். வராத நாளில் நானே பெருந்துறைக்குப் போய்ச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாவது கதையைத் தொடர்வேன். அந்த நகரத்தில் வெள்ளம் வடியும் வரை அண்ணியைத் தனியாகப் பரிசல் ஓட்ட விடமாட்டேன்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
சுதா அண்ணிக்கு நாத்தனார்,
வனிதா