நூற்றுத் தொண்ணூற்றொன்பது

மார்ச் 4
இந்த நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுவதற்கு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன்? பக்கத்தில் தூங்கும் குழந்தை ரொமினாவிடம்தான். மாலை ஷிப்டு முடிந்து வரும் தாய்க்கு வேறு ஏது பொழுது?

நான் பாதுகாப்புப் பொறியாளராக இருக்கும் முதல் கூடத்துப் பலகையில் இன்று 187. விபத்தே இல்லாத நாட்கள்! சூரை மீன் அறுக்கும் தொண்ணூறு பெண்கள், தொண்ணூறு கத்திகள். மாந்தா துறைமுகம் முழுக்கத் தேடினாலும் இப்படியொரு ஆலை கிடைக்காது. இரண்டு கூடத்துக்கும் சேர்த்து ஒரே பாதுகாப்பு அதிகாரி போடப்போகிறார்கள். பகல் வேலை. கிடைத்தால் குழந்தையை விழித்திருக்கும்போது பார்க்கலாம். போட்டிக்கு, இரண்டாம் கூடத்தில் என் வேலையையே பார்க்கும் நார்சிசா. அவள் பலகையில் 9. பாவம்.

மார்ச் 6
பாவமாம்! கூட்டத்தில் மேலாளர் அவளைத்தான் புகழ்ந்தார். கால் வழுக்கியது, கத்தி நழுவியது, மயிரிழையில் தப்பினேன் என்று அவள் பெண்கள் போன மாதம் அறுபத்தொரு சீட்டு எழுதிக் கொடுத்தார்களாம். என் கூடத்தில் இரண்டு. நடக்காததை எண்ணுவதற்கு ஒரு பாராட்டா?

மார்ச் 7
அவள் தலைமுடிகூட வலைத்தொப்பிக்குள் அழகாக அடங்குகிறது.

மார்ச் 11
என் கணவன் வாஷிங்டன், வாழைக்காய் உருண்டையை மென்றுகொண்டே, "அவ மேல உனக்குக் கோவமா, பொறாமையா?" என்றான்.
ரெண்டும்தான், போ.

மார்ச் 16
199. இருநூறானால் முழுப் பன்றி சுட்டு விருந்து என்பது நிர்வாகத்தின் வாக்கு.

சாப்பாட்டு இடைவேளையில் நார்சிசாவின் கூடத்துக்குப் போனேன். சீட்டெல்லாம் பொய் என்று கண்டுபிடிக்கத்தான். அங்கே என் எல்விரா. என் கூடத்தவள்! கையுறை கழற்றிய கட்டைவிரல் வீங்கிக் கறுத்திருந்தது. நார்சிசா அதைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எப்பக்கா வெட்டிச்சு?" என்றேன்.

"ஒம்பது நாளாச்சு, இஞ்சினியரம்மா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா பலகை சைபராயிடும். பன்னிக்கறியக் கெடுத்தவன்னு அவளுங்க என்னப் பச்சையாவே தின்னுடுவாளுங்க. நீங்க மட்டும் என்ன? அந்தப் பலகைக்கு முத்தம் குடுக்காத குறையாத்தான நிக்கறீங்க."

நார்சிசா விரலுக்குக் கட்டுப் போடத் தொடங்கினாள். ஏதாவது சொல்லியிருந்தால் வெறுக்கவாவது வசதியாக இருந்திருக்கும்.

என்னவள் அவளிடம் போனாளே — அதுதான் எரிகிறது. விரல் அழுகியதைவிட அது எரிகிறது. என்ன ஜென்மம் நான்? ஒன்பது நாளுக்கு முன் என்றால் ஏழாம் தேதி. அன்று என்ன எழுதினேன்? அவள் தலைமுடியைப் பற்றி.

மார்ச் 17
எல்விரா மருத்துவமனையில். விரல் பிழைக்குமாம்.

ஷிப்டு தொடங்கும்போது எல்லோரும் பார்க்க நானே 199-ஐக் கழற்றிவிட்டு 0 மாட்டினேன். "போச்சுடி பன்னி!" என்றது பின்வரிசை. யாரும் சிரிக்கவில்லை. வேலை முடிந்ததும் ஏழு பேர் வந்து கையுறையைக் கழற்றிக் காட்டினார்கள். ஏழு.

நார்சிசாவுக்கு அனுப்பியதை இங்கும் எழுதி வைக்கிறேன்:

"அந்த வேலை உனக்குத்தான். வாழ்த்த இன்னும் மனசு வரல. ஆனா அந்தச் சீட்டையெல்லாம் நீ எப்படி எழுத வைக்கறன்னு எனக்குச் சொல்லிக் குடு. நாளைக்கு மூணு மணிக்கு எனக்கு ஷிப்டு. அதுக்குள்ள பதில் போடு."