வெட்டாத தாள்கள்

என்னங்க,

சோறும் வஞ்சிரக் குழம்பும் அடுப்படியில மூடி வச்சிருக்கேன். கதவைச் சாத்துங்க, பூனை சுத்துது.

ஆபீசுல பிரெஞ்சு போய் இங்கிலீஷ் வந்ததுலேருந்து, சாயங்காலமானா இங்கிலீஷ் படிக்க வாத்தியார் வீட்டுக்குக் கிளம்பிடுறீங்க. ஒரு மாசமா பார்ட்டிசிப்பிள் பாடமாம். நம்ம பெயரெச்சம், வினையெச்சம் மாதிரிதான், ஆனா லேசுல புடிபடாதுன்னு எனக்கு விளக்கம் வேற சொன்னீங்க.

இன்னிக்கு உங்க இங்கிலீஷ் இலக்கணப் புஸ்தகத்தைத் தூசி தட்டினேன். பிரெஞ்சு படிச்சவங்களுக்காகப் பாரீசுல அச்சடிச்சதாச்சே, ஓரம் ஒட்டியிருக்கிற தாளைக் கத்தியால வெட்டினாத்தானே படிக்க முடியும்? முதல் பாடம் வெட்டியிருக்கு. பார்ட்டிசிப்பிள் பாடத்துல ஒரு தாள்கூட வெட்டல. அப்போ எதைத்தான் படிச்சீங்க? செருப்புல கடல் மணல் வேற.

புஷ்பமேரி

பி.கு.: புஸ்தகத்தையும் கத்தியையும் தேடாதீங்க. ரெண்டையும் எடுத்துக்கிட்டு, நீங்க வெட்டாத பாடத்தைப் பத்திக் கேட்க வாத்தியார் வீட்டுக்குத்தான் போறேன்.